கொழும்புக்குப் போன ஈட்டி

ஐம்பதுகளின் நடுப்பகுதி. ராமநாதபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஈட்டி எறிவதில் ஜில்லாவிலேயே என்னை மிஞ்சிய ஆள் கிடையாது. ஈட்டி எறிகிறவர்களே சொற்பம் என்பதை யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன். கொழும்பில் நடந்த ஒரு போட்டிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஆள் எடுத்தபோது என் பெயரும் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம்தான் என்றாலும் வெளிநாடு வெளிநாடுதானே. என் சர்வதேச வாழ்க்கை தொடங்கிவிட்டதாகவே நினைத்தேன்.

மேலதிகாரியின் அனுமதி, பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசைப்படி நூல் கோத்து வைத்தேன். கூட வந்தவர்களின் காகிதங்களிலும் பிழை கண்டுபிடித்து ஆனந்தப்பட்டேன். ஒரு புள்ளி குறையாமல் விதிப்படி போகிறவனை யார் நிறுத்த முடியும்?

கிளம்புவதற்கு முதல் நாள் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். ஈட்டிக்கு அம்மா பழைய சேலையில் நீளமாக உறை தைத்து வைத்திருந்தாள். தங்கை இருந்த உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. தலைவலி, தூங்குகிறாள் என்றாள் அம்மா. சாப்பிட்டேன், படுத்தேன். காலையில் ராமநாதபுரம் வந்து, மதுரையிலிருந்து வந்த குழுவோடு ரயில் ஏறினேன்.

மண்டபம் கேம்பில் இலங்கை போகிறவர்களை எல்லாம் இறக்கிப் பரிசோதிப்பார்கள். என் காகிதங்களைப் பார்த்த சுகாதார ஆய்வாளர் தலையாட்டினார். பிறகு ஆளைவிட நீளமாக இருந்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். ஈட்டியை உருவினேன். கூடவே கொத்துக் கொத்தாக வேப்பிலை விழுந்தது. வாடக்கூட இல்லை.

அவர் குனிந்து ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். அதனால் வேறு விதமாகக் கேட்டார்:

"நேத்து வீட்ல கொழம்பு தாளிச்சாகளா?"

யோசித்தேன். குழம்பு சப்பென்று இருந்தது. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கொழும்பு நினைப்பில் சாப்பிட்ட எனக்கு அது உறைக்கவே இல்லை.

"தாளிக்கல" என்றேன்.

அம்மை குத்தியிருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மை உள்ள வீட்டிலிருந்து வந்தவனைக் கப்பலேற்ற முடியாது; முகாமிலேயே சில நாள் தனியாக வைத்திருக்க வேண்டும். பயணம் தடைபடக்கூடாது என்று நிலைப்படியில் செருகியிருந்த வேப்பிலையை அம்மா எடுத்து மறைத்திருக்கிறாள். அதை வெறுமனே தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று என்னோடேயே அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு ஆள் அனுப்பி மற்றவர்களுக்கும் அம்மை குத்த வேண்டும் என்றார் ஆய்வாளர். விஷயம் எப்படித் தெரிந்தது, நான் எங்கே இருக்கிறேன் என்பதை மட்டும் அங்கே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"எங்க ஆத்தாவும் இதத்தான் செஞ்சிருக்கும். சொல்லல, போங்க" என்றார்.

உறையை எரித்தார்கள். ஈட்டியை மருந்துத் தண்ணீரில் துடைத்துப் போகவிட்டார்கள். அதற்கு அம்மை வராது அல்லவா. குண்டு எறிய வந்த மதுரைக்காரன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஏலே, ஒனக்குப் பதிலா நான் எறியுறேன். இம்புட்டுத் தூரம் வந்துட்டுச் சும்மா திரும்புனா இதுக்கு அசிங்கம்ல" என்றான். ரயில் பாம்பன் பாலத்தின் மேல் மெதுவாக ஊர்ந்து போவதை முகாம் கரையில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அந்த நேரமானால் கால் தானாக அங்கே போய் நின்றது.

குழு திரும்பியபோது என்னையும் விட்டார்கள். மதுரைக்காரன் எல்லோருக்கும் கடைசியாக வந்திருந்தான். எல்லாரும் சிரித்தார்கள் என்று அவனே சொல்லிச் சிரித்தான். ஈட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தங்கைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கருத்து மெலிந்திருந்தாள். அம்மா என் முகத்தையும் கையையும் தடவிப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கேட்டாள்:

"எம்புட்டுத் தூரம்யா எறிஞ்ச?"

நான் வழக்கமாக எறிவதைவிட ரொம்பவே கூட்டிச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. இருந்தாலும் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். கல்யாணம் வந்தது, மாற்றல் வந்தது, தோளில் வலி வந்தது. பிறகு புயல் வந்து தனுஷ்கோடியையும் ரயில் பாதையையும் கொண்டுபோனது. மகன் கொழும்பு போய் ஜெயித்தவன் என்று நம்பியபடியே அம்மாவும் போய்விட்டாள். பென்ஷன் வாங்கும் கிழவனுக்கு இந்த ஏக்கம் எந்த விதியில் வருகிறதோ தெரியவில்லை; ஆனால் கடல் அமைதியாகக் கிடக்கும் சாயங்காலங்களில், அம்மாவிடம் சொன்ன அந்தத் தூரத்தை அன்றைக்குப் போயிருந்தால் நான் உண்மையாகவே எறிந்திருப்பேனோ என்று மனசு இன்னமும் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.