எவந்தியாவின் கொல்லைக் குழி

ஈரப் போர்வையை உதறிக் கொடியில் விரித்துவிட்டு எவந்தியா பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்துக் கத்துவாள்: “ஏய் மிர்சினி! நிழல் விழுதா? விழட்டும். காயற வரைக்கும் போட்டோ எடுக்காதே!”

கொல்லைக் குழிக்குள் நிற்கும் மிர்சினி காமிராவைத் தாழ்த்துவாள். அகழாய்வு அவள் பொறுப்பு, கொல்லை எவந்தியாவுடையது. “சரி அத்தை” என்பதைத் தவிர வேறு பேச வழியில்லை.

கிரேக்க நாட்டு ஆர்கோஸில் வெங்காயம் நட மண்ணைக் கிளறினாலும் யார் வீட்டுச் சுவராவது தட்டும். ஒருவர் கூரை இருந்த இடத்தில் இன்னொருவர் அடுப்பு என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் குடியிருக்கிற ஊர். எவந்தியாவின் கணவர் ஸ்தமாதிஸ், முடிதிருத்துகிறவர், பக்கவாதத்தில் கால் விழுந்து மாடியில் முடங்கினார். அவருக்குக் கீழே ஓர் அறை கட்ட அவள் கடைக்கால் தோண்டினாள். பழங்காலச் சுவர் ஒன்று தட்டியது. சட்டப்படி வேலை நின்றது. தொல்லியல் துறையிலிருந்து மிர்சினி ஆட்களோடு வந்து இறங்கினாள்.

அன்றிலிருந்து செத்துப்போனவர்களோடும் எவந்தியாவுக்குச் சண்டை. “ரோமாபுரிக்காரன் சாக்கடையை என் அத்திமரத்துப் பக்கமாவா விடுவான்? மூளை வேணாம்?” என்பாள். மாடிக்குப் போய், எலுமிச்சை பிழிந்த சூப்பைக் கணவருக்கு ஊட்டியபடியே சேதி சொல்வாள்: “இன்னிக்கு ஒரு சமையல்கட்டு வந்திருக்கு. நம்மளதைவிடப் பெரிசு.”

ஒருவழியாகத் தோண்டல் முடிந்தது. குழியை மூடிவிட்டு அறை கட்டலாம் என்ற அனுமதி வர வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் பெய்த மழையில் குழியின் ஓரம் சரிந்தது. காலையில் மண்வெட்டியோடு தனியாக இறங்கிய எவந்தியா, சரிந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த தரையைக் கண்டாள். அதில் ஒரு மீன் வால். சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை. இரண்டு வெட்டு மண்ணை அள்ளி அதன்மேல் போட்டாள். பிறகு மண்வெட்டியை எறிந்துவிட்டு மாடியேறினாள்.

“கீழ ஒரு தரை இருக்கு, ஸ்தமாதி. மீன் போட்டிருக்கான்.”

“மூடிட்டியா?”

“பாதி.”

“மீதியையும் மூடிடுடி. நான் வாசலைப் பார்த்து எத்தனை காலமாச்சு!”

“வாலைப் பார்த்துத் தொலைச்சுட்டேனே. தலை எங்கேன்னு தெரியாம எனக்கு இனிமே தூக்கம் வருமா?”

அவளே மிர்சினிக்குப் போன் செய்தாள். அனுமதி நின்றது. ஸ்தமாதிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் ஊட்டியதை வாங்க மறுத்தார். அவளும் கெஞ்சவில்லை, கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

தரை முழுதாக வெளிப்பட்டது. வாயைத் திறந்துகொண்டு மீன் மாடிப்படியை ஒட்டிக் கிடந்தது.

“வேடிக்கை பார்த்தது போதும், நாலு பேர் மேல வாங்கடா!” என்றாள் எவந்தியா. வேலையாட்கள் ஸ்தமாதிஸை நாற்காலியோடு தூக்கிவந்து தரையோரம் இறக்கினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, அதை யாரும் மிதிக்கக் கூடாது” என்றாள் மிர்சினி மெதுவாக.

“மிதிக்க இந்த மனுஷனுக்குக் கால் எங்கடி இருக்கு?”

எவந்தியா மண்டியிட்டாள். அவருடைய காலுறைகளை உருவினாள். பாதங்களை ஒவ்வொன்றாக இரு கையாலும் தூக்கி, அந்தக் கூழாங்கற்களின் மேல் வைத்தாள்.