மணலிக்கோணத்தில் தண்ணீரில்லாத பாலம்

மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு நான் பொன்முடி மலைப் பக்கம் போய்விட்டதாக எங்கள் வலியசாலைத் தெருவில் பேச்சு. தவறு. சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். போனது மணலிக்கோணத்துக்கு, ஓர் ஒற்றையடிப் பாதையைப் பார்க்க.

பதினான்கு வீடுகள் உள்ள ஊர். தேயிலைத் தோட்ட வேலையை விட்டு மலையிறங்கிய திருநெல்வேலிக்காரர்கள் குடியேறியது. குடிதண்ணீர் ஊற்று ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் இருக்கிறது. தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர், பொதுப் பாதை என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் மாதக் கடைசியில் வேலி போடுவாராம். அவ்வூர் செல்வி இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு எனக்கு எழுதியிருந்தாள். நில அளவை வேலையில் இருந்த, காலமான என் கணவரின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். ‘பாதை, கற்பாலத்தில் ஓடையைக் கடந்து ஊற்றுக்கு’ என்றிருந்தது.

திருவனந்தபுரம் தம்பானூர் நிலையத்தில் 6.10க்குப் பஸ். விதுரா வரை ஒன்றரை மணி நேரம். பிறகு நான்கு கிலோமீட்டர்; ஆட்டோ 120 ரூபாய்.

பாலம் இருந்தது. ஒரே கருங்கல் பலகை, ரப்பர் மரங்களுக்கு நடுவே, காய்ந்த தரையில். ஓடையோ இருநூறு அடி கிழக்கே ஓடுகிறது.

தோட்ட மேற்பார்வையாளர் சிரித்தார். “அம்மச்சி, தண்ணியில்லாத எடத்துல ஆராவது பாலம் கெட்டுவாங்களோ? இது ரப்பர் ஷீட்டு காயப்போட்ட கல்லாக்கும்.”

செல்வி என் காதருகே வந்தாள். “சார் தப்பா எழுதிட்டாரோ, அம்மா?”

சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்வதற்குக்கூட இரண்டு முறை ருசி பார்த்தவர் என் கணவர். இருந்தாலும் ஒரு கணம் எனக்கும் சந்தேகம் வந்தது; மறைக்கவில்லை.

குடை முனையால் கல்லுக்கு அடியில் கிளறினேன். மணல். அதற்குள் கோழிமுட்டைபோல் உருண்ட கூழாங்கற்கள். ஓடும் தண்ணீர்தான் கல்லை இப்படி உருட்டும் என்று கான்வென்டில் பூகோள சிஸ்டர் சொல்லித் தந்தது. மேட்டில் ஏறிப் பார்த்தேன். மரங்களுக்கிடையே ஒரு பள்ளத் தடம் வளைந்து போய், மலைமண் சரிந்த இடத்தில் முடிகிறது. பாலம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓடைதான் விலகிப் போயிருக்கிறது.

“மொதலாளிக்குக் கூழாங்கல்லு போதாதே அம்மச்சி. தண்ணி ஓடினதக் கண்ணால கண்டவங்க எழுதித் தரணும்,” என்றார் மேற்பார்வையாளர்.

“தருவார்கள்,” என்றேன்.

போகிறவர்கள் மூடிய காலணி அணியுங்கள். அட்டைக்கு உப்பு கொண்டு செல்லுங்கள். திரும்பும் பஸ் 3.40க்கு, அதைத் தவறவிட்டால் ஆறரை வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கல்லின் கீழ் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தவர்கள் மணலிக்கோணத்தில் இப்போது இல்லை; மலைத் தோட்டத்திலோ திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊரிலோ இருப்பீர்கள். எந்த வயதில், யாரோடு கடந்தீர்கள் என்று பெயரும் கையொப்பமும் இட்டு, மாதக் கடைசிக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.