எல்மாருக்கு வெட்டிய சிலுவை

கவிஞர் எல்மார் ஹால்லோப் சென்ற மார்ச்சில் காலமானார். நுரையீரல். அதில் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது, 1970களில் அவர் சினிமாவில் செத்ததைப் பற்றி.

அன்றைய சோவியத் எஸ்தோனியாவின் தென்கோடியில், வோரு நகருக்குப் பக்கத்துக் கூட்டுப்பண்ணையில் அவருக்கு மோட்டார் பழுதுபார்க்கும் வேலை. மீதி நேரத்தில் கவிதை. மெலிந்த தொகுப்பு ஒன்று வந்திருந்தது. வசனம் எழுதத் தயார் என்று தலைநகர் தாலினில் இருந்த ஒரு ஸ்டுடியோவை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கல்யு என்ற இயக்குநர் நேரிலேயே வந்தார். எல்மாரின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம், கவிஞரே! கன்னம் ரெண்டும் ஒட்டிப் போயிருக்கு. பிணமா நடிக்கிறீங்களா?"

எல்மார் ஒப்புக்கொண்டார். முதலில் உள்ளே நுழைவோம், எழுத்து பிறகு என்று கணக்குப் போட்டார்.

அந்தப் பக்கத்தில், சவப்பெட்டி இடுகாட்டுக்குப் போகும் வழியில் நிறுத்தி, ஒரு பைன் மரத்தில் சிலுவை வெட்டுவார்கள். செத்தவர் திரும்பி வந்தாலும் அதுவரைதான் வர முடியும். அதைத் தாண்டி வீட்டுக்கு வர முடியாது. படத்துக்காக அட்டையில் ஒரு சிலுவை தயாராக இருந்தது. கோடரியை ஓங்கினால் மட்டும் போதும் என்று பக்கத்து வீட்டு யோசெப்பிடம் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் செத்த எல்லாருக்கும் சிலுவை வெட்டியவர் யோசெப். பெட்டிக்குள் மூச்சடக்கிக் கிடந்த எல்மாரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஓங்கி நிஜமாகவே வெட்டினார். பிசின் வழிந்தது.

"போய் வா, எல்மார்."

கல்யு ஓடி வந்து யோசெப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இடுகாட்டில் படப்பிடிப்பு முடிந்து, முகத்தில் பூசியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு எல்மார் வீட்டுக்கு நடந்தார். பைன் மரத்தடியில் மனைவி மேட்டாவும் யோசெப்பும் பாதி ஊரும் நின்றார்கள்.

"நில்லு. எங்க போற?" என்றாள் மேட்டா.

"வீட்டுக்கு. பசிக்குது."

"உன் பேரைச் சொல்லி வெட்டியாச்சு. இதைத் தாண்டக் கூடாது."

"நான் உயிரோட இருக்கேன், மேட்டா!"

"எல்லாச் செத்தவனும் அப்படித்தான் நினைப்பான்," என்றார் யோசெப். "அதனாலதானே திரும்பி வர்றான்."

"கட்சிக் கூட்டத்துல கை தூக்குற ஆளு நீ, மேட்டா. இதையெல்லாம் நம்புறியா?"

"நம்பலை. ஆனா வம்பு எதுக்கு?"

வேறு வழியில் போகலாமென்றால் இரண்டு பக்கமும் சதுப்பு. மேட்டா கையை மட்டும் நீட்டி, உருளைக்கிழங்கும் உப்புப் பன்றிக்கறியும் கொடுத்தாள். எல்மார் நின்றபடியே தின்றார். கல்யுவை அழைத்து வந்தார்கள். அட்டைச் சிலுவையை மேலே ஒட்டி மறைத்துவிடலாமே என்றார் அவர்.

எல்மார் ஓடாத மோட்டாரைப் பார்ப்பதுபோல மரத்தைப் பார்த்தார். சிலுவையில் கோளாறில்லை. இணைப்புதான் தவறு.

"இது என்னோடது இல்ல. படத்துல செத்தவனோடது."

"அவன் யாரு?" என்று கேட்டார் யோசெப்.

எல்லாரும் கல்யுவைப் பார்த்தார்கள். திரைக்கதையில் 'பிணம்' என்று மட்டும்தான் இருந்தது.

"பேரில்லாதவனுக்கு யாராவது சிலுவை வெட்டுவாங்களா?" என்றார் யோசெப்.

"பேரு யாகோப்," என்றார் எல்மார். அங்கேயே நின்று அவனை உண்டாக்கினார். யாகோபுக்கு இடது காது கேட்காது. மாட்டை விற்று அக்கார்டியன் வாங்கினான். மாட்டை ஓநாய் அடித்துவிட்டதென்று மனைவி லீசுவிடம் சொன்னான். சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் ஒளிந்து வாசித்தான். லீசுவுக்கு எல்லாம் தெரியும். மேலுதட்டில் மச்சமுள்ள அவள், உள்ளுக்குள் சிரித்தபடி, கடைசிவரை வாய் நிறைய ஓநாயைத் திட்டினாள்.

தொப்பிகள் இறங்கின. மேட்டா தலைக்குட்டை நுனியில் மூக்கைத் துடைத்தாள். கல்யு கேமராவைத் தேடினார். அது லாரியில் போய்விட்டிருந்தது. யோசெப் சிலுவையைத் தொட்டார்.

"போய் வா, யாகோப்."

வழி விட்டார்கள். எல்மார் மரத்தைத் தாண்டினார்.

வேலிக்கு வந்ததும் மேட்டா திரும்பினாள்.

"அந்த லீசு உள்ளுக்குள்ள சிரிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"கற்பனைதான்."

"மச்சமுமா?"

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எல்மார் படியில் உட்கார்ந்து, அப்படி ஒருத்தி கிடையாது என்பதைக் கதவுக்கு விளக்க ஆரம்பித்தார்.