செக்யூரிட்டி ஐயாவின் மாத்திரைகள்

பிரஷர் பார்க்கும் பட்டையை நான் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே அவர் சட்டைக் கையைச் சுருட்டி, இடது கையை நீட்டிவிடுவார். மத்திகிரியில் வாடகை வீடுகள் வரிசையாக இருக்கும் அந்தச் சந்தில் அவரைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது என்று நான்தான் தம்பட்டம் அடித்தேன். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் பிரஷர், சர்க்கரை பார்த்து, அந்த மாதத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. மாத்திரை போடாதவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். "செக்யூரிட்டி ஐயாவைப் பாருங்க, இந்த வயசுலயும் கல்லு மாதிரி இருக்காரு!" என்று அவரையே காட்டுவேன். வெட்கக்கேடு.

நாகரசம்பட்டிப் பக்கம் கிணறு வற்றி, மாமரங்களும் காய்ந்துபோன பிறகு மனைவியோடு இங்கே வந்தவர். ஒரு கம்பெனி கேட்டில் பன்னிரண்டு மணி நேரக் காவல். அறுபதைத் தாண்டியவர்களை வேலையில் வைத்திருக்க வேண்டுமானால் ஏஜென்சிக்காரர்கள் பிரஷர் அட்டையைக் கேட்பார்கள். அதில் எழுதுகிறவள் நான். என்றைக்கு வருவேன் என்று சந்துக்கே முன்கூட்டிச் சொல்லிவிடுவதும் என் வழக்கம். ஷிப்டுக்குப் போகிறவர்களை வேறு எப்படிப் பிடிப்பது?

ராயக்கோட்டையில் தங்கை வீட்டு விசேஷம் வந்ததால், ஒரு மாதம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் முன்னதாகவே போய் நின்றேன். அன்றைக்கு அந்தக் கை நீளவில்லை. நானே இழுத்துப் பட்டையைச் சுற்றினேன். மெஷின் காட்டிய எண் எங்கேயோ உயரத்தில் இருந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தார். ஐயா எழுந்துபோய் யூனிபார்ம் பெட்டியைத் திறந்து காட்டினார். நான் கொடுத்த மாத்திரைகள், பிரிக்காமல், அடுக்கடுக்காக. நான் வருவதற்கு முந்தின நாலு நாள் மட்டும் விழுங்குவாராம்.

"அதைப் போட்டா அரை மணிக்கொருக்கா ஒண்ணுக்கு முட்டுது கண்ணு. கேட்டுல நான் ஒருத்தன்தான். லாரி வந்து ஹார்ன் அடிக்கறப்ப ஆள் இல்லைன்னா சூப்பர்வைசரு கன்னடத்துல கண்டபடி திட்டறான். என் மவன் வயசு அவனுக்கு. ஒரு நாள் பேன்ட்டுலயே போயிடுச்சு. டூட்டி முடியற வரைக்கும் அப்படியே நின்னேன்."

டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"லீவு ஏது? அட்டையைக் காட்டற மாசம் இது. இந்த ஒருவாட்டி எப்பவும் போல எழுதிடு கண்ணு. அவகிட்டயும் சொல்லிப்புடாத, பயந்துக்குவா."

எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் கையெழுத்திலேயே செய்தேன். அடுத்த மாதம் கட்டாயம் டாக்டரிடம் இழுத்துப்போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் போகாவிட்டால் என்ன, நானே எங்கள் ஆஸ்பத்திரி நர்சுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ராயக்கோட்டையில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன், பாவி.

பத்தாம் நாள் அவர் கேட்டிலேயே விழுந்தார். வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. இப்போது எல்லாமே வீடு தேடி வருகிறது. கை காலை நீட்டி மடக்கப் பிசியோதெரபிக்காரர் வருகிறார், மூத்திரக் குழாய் மாற்ற நர்ஸ் வருகிறார். விழுவதற்கு முன்னால் யாராவது வந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரம் வரும். யாரைக் கேட்பது? வந்தவளே நான்தானே.

போன வாரம் போனபோது அந்த அம்மா காபி வைத்துக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த பையன்கூட எட்டிப் பாக்கல. நீ ஒருத்திதான் கண்ணு மாசம் தவறாம வந்து பாத்த. உன் அட்டையில கடைசி வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? விதி, வேறென்ன."

கட்டிலிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடு என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா, எனக்குப் புரியவில்லை.

"ஆமாம்மா, விதிதான்" என்றேன்.