குழாய் ரிப்பேர்

மும்பை செம்பூரில் உள்ள ஹோட்டல் ஒன்றில், கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்காக மொத்தமாக அறைகளைப் பிடித்து வைப்பது என் வேலை. அந்த வேலை இன்னும் என்னிடம் இருப்பதற்கு ஓர் அக்காதான் காரணம்.

திருநெல்வேலி வியாபாரிகள் சங்கம் ஒன்று அறுபது அறைகள் கேட்டிருந்தது. இனிஷியல் இல்லாமல் வந்த பட்டியலில் ஒரே பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. டைப் அடித்தவரைத் திட்டிக்கொண்டே நான்கை நீக்கிவிட்டு, அந்த அறைகளை வெளியாட்கள் புக் செய்யத் திறந்துவிட்டேன்.

அறைகளைத் தயார் செய்யும் தாராவி அக்கா பட்டியலைப் பார்த்து, "சார், அது தப்பில்ல" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

கூட்டத்தன்று காலை அந்தப் பெயரில் ஐந்து பேர் பெட்டிகளோடு வந்து நின்றார்கள். பதிவேட்டைப் புரட்டினேன்; காலி அறை ஒன்றுகூட இல்லை. அக்கா நான்கு சாவிகளை என் முன் வைத்தார். 'குழாய் ரிப்பேர்' என்று எழுதி, யாருக்கும் கொடுக்க முடியாதபடி நான்கு அறைகளை அவர் பூட்டி வைத்திருந்தார்.

"எப்படித் தெரியும்?"

"எங்க திருநெல்வேலிப் பக்கம் தாத்தா பேரை எல்லாப் பேரனுக்கும் வைப்பாவ, சார். எங்க வீட்டுக்காரர் பேர்லயே குடும்பத்துல ஆறு பேர் இருக்காவ."

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சரி சார், என் வேலையைப் பாக்கப் போறேன்" என்று லிப்ட் பக்கம் நடந்தார்.