பத்து விரலுக்கு ஒரு மொட்டை

முருகனிடம் நான் பேசிய பேச்சில் குழப்பமே கிடையாது. அப்பாவின் பத்து விரலும் நல்லபடியாக வீட்டுக்கு வரவேண்டும். வந்தால் திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் குமரக்கோட்டத்து முருகன் சந்நிதியில், பக்கத்தில் அத்தை நின்று கேட்க, வாய்விட்டுத்தான் சொன்னேன். அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். எங்கள் தெருவிலேயே அவ்வளவு முடி அம்மாவுக்கும் எனக்கும்தான். அந்தக் கர்வம் எனக்குத் தலைக்கு மேலே இருந்தது. அதனால் நான் கொடுப்பதாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை என்பது முருகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி வேண்டிக்கொண்ட அன்றைக்கு மத்தியானம்தான், கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அத்தை வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெருவில்தான் வீடு. பள்ளிக்கூடப் பக்கமே வராதவள், செருப்புக்கூடப் போடாமல் வந்திருந்தாள். சாயம் போட்ட பட்டு நூல் வாங்க ஐயம்பேட்டைக்குப் போன அப்பா, திரும்பி வரும் வழியில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அடிபட்டுவிட்டார். வலது கை வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். அம்மா அவரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அத்தையின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல கண்ணு. கைதான்" என்றாள்.

கைதானா? பட்டு நெய்கிற வீட்டில் வந்து சொல்கிற ஆறுதலா இது! தறியில் நீளவாட்டில் கட்டிய ஒரு பாவு தீர்ந்தால், அடுத்த பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு அப்பா பிணைப்பதைப் பார்த்தால் விரல் அசைவதே தெரியாது. டிவியில் கிரிக்கெட் ஓடும். கண் அங்கே இருக்கும். இழை இங்கே தானாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் நான் மொத்தமாக "கை" என்று வேண்டாமல், பத்து விரல் என்று எண்ணி வேண்டிக்கொண்டேன். சாமிக்குச் சாக்குப்போக்குச் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அத்தை வீட்டில்தான் தங்கியிருந்தேன்; நான்காம் நாள் அவளுடைய போன் அடித்தது. வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

அன்று அழுத அழுகைக்கு அளவில்லை. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது; இத்தனை வருஷத்தில் அதை யாரிடமும் நான் சொன்னதில்லை. தேம்பிக்கொண்டே பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்திருந்தவளுக்கு, ஒரே ஒரு கணம், அப்படியானால் மொட்டை இல்லை, என்று மனசு துள்ளியது. அடுத்த கணமே என்னைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது. பெற்ற அப்பனின் விரல் போயிருக்கிறது, இந்தப் பெண்ணுக்கு முடி கவலை!

இரண்டு வாரம் கழித்து அப்பா வந்தார். உருண்டையாகக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்காட்டி, "இன்னாமா அப்பிடிப் பாக்கற? இன்னும் ஏழு இருக்குது, எண்ணிக்கோ" என்று சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அன்றைக்கே அத்தை, "அண்ணி, கொழந்த மொட்ட போட்டுக்கறேன்னு வேண்டிக்கினு இருக்குது" என்று போட்டு உடைத்தாள்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானேதான் முந்திக்கொண்டேன். "பத்து விரலும் வந்தாதான்னு சொன்னேன். பத்து வரலியே!"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பின்னலைப் பார்த்தாள். "சரி, சரி. கை கழுவிக்கினு வந்து சாப்புடு" என்றாள். அவ்வளவுதான், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பே இருவரும் எங்கேயோ போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தேன். வாசலில் ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். மழுங்கச் சிரைத்த தலை. அதில் அப்பியிருந்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காது இரண்டும் விறைத்துக்கொண்டு தனியாகத் தெரிந்தன.

"யாரு வேணும்?" என்று கேட்டேன்.

"நவுரு கண்ணு. காலு வலிக்குது."

குரல் அம்மாவுடையது. அந்தத் தலைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் எப்படி வருகிறது என்று புரியாமல் இரண்டடி பின்னால் போனேன். அவளுக்குப் பின்னால் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அலறிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவருகிற அளவுக்கு அலறினேன். அம்மாவின் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினேன்.

"எதுக்கும்மா? எதுக்கு? சாமிதான் ஒண்ணுமே பண்ணலியே!"

அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பண்ணாம இன்னா? அந்த ஆட்டோல ஆறு பேரு வந்தாங்க. மாகறல்காரரு ஒருத்தரு, உங்கப்பா பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு வந்தாரு. அவரு வூட்டுக்குத் திரும்பல. உங்கப்பா இன்னிக்குத் திருத்தணி மலைய நடந்தே ஏறி வந்தாரு."

ஒருவர் செத்துப்போன சேதியே அதுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று மறைத்திருக்கிறார்கள். அப்படியும் என் வழக்கை நான் விடவில்லை.

"நான் வேண்டிக்கினது பத்துக்கு" என்றேன்.

"நீ பத்துக்கு வேண்டிக்கின. நான் ஏழுக்குப் போட்டுக்கினு வந்தேன். அவ்ளோதான், வுடு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். காபி போடுகிற சத்தம் கேட்டது.

அடுத்த இரண்டு நாளும் நான் அவளைத் தலை தொட விடவில்லை. அத்தை வீட்டுக்குப் போய்ப் பின்னிக்கொண்டு வந்தேன். அம்மாவின் மொட்டையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கம் ஒரு பக்கம். சாமி தராததற்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாளே, இப்படி ஒரு ஏமாளி அம்மா எனக்கு வாய்த்தாளே என்ற ஆத்திரம் ஒரு பக்கம்.

வியாழக்கிழமை மறுபடி தறி ஓடியது. எங்கள் வீட்டில் எப்போதும் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து சேலையின் உடலை நெய்வார். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து சேலைக் கரைக்கான நாடாவை, ஊடு நூல் சுற்றிய அந்தக் கட்டையை, வீசிக் கொடுப்பாள். அன்று அம்மா குழிக்குள் இறங்கினாள். அவள் இடத்தில் அப்பா உட்கார்ந்தார், இடது கையோடு. முதல் வீச்சிலேயே பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நாடாவுக்குக் கையை நீட்டி முட்டிக்கொண்டார்கள். "உன் எடத்துக்கு வந்து ஒரு நிமிசம் ஆவல, அதுக்குள்ள என் நாடாவ புடுங்கறியேமா" என்றார் அப்பா. அம்மா மொட்டைத் தலையைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் போய், முடி போய், இடமும் மாறிப்போய்ச் சிரிக்கிறார்களே, இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டதா என்று நிஜமாகவே பயந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை ஊரில் இல்லை. வேறு வழியின்றி அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தேன். வெள்ளிதோறும் பூக்காரம்மா எங்கள் வாசலில் இரண்டு முழம் மல்லி அளந்து கொடுப்பார். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அன்றும் பழக்கத்தில் இரண்டு முழம் அளந்துவிட்டார். அம்மா ஒன்று போதும் என்று சொல்லவில்லை. வாங்கி, இழுக்காமல் வலிக்காமல் எனக்குப் பின்னி, இரண்டு முழத்தையும் என் தலையிலேயே வைத்துவிட்டாள்.

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்று நாள் கோபம் போன இடம் தெரியவில்லை. பூ ஏன் இன்றைக்கு இவ்வளவு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்கம்மா எனக்கு மட்டும் ரெண்டு மொழம் வச்சாங்க" என்று பெருமையடித்துக்கொண்டு அன்று முழுக்கத் திரிந்தேன்.