திரும்பிப் பார்க்காத வாசிப்பு

கேப் பிரெட்டன் தீவின் கரையோரத்தில் யார் செத்தாலும் ரானல்டு வந்துவிடுவான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போலீஸ் பேக்பைப் குழுவை, அந்தக் காற்றுப்பைக் குழல் வாத்தியத்தை, அவன் விடவில்லை. சம்பளமில்லாத ஊழியம், கிடைப்பது சூடான தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும்தான். சுரங்கத்தில் மாண்டவன், கடலோடு போனவன் எல்லாருக்கும் கடைசி வாசிப்பு அவனுடையது. சவப்பெட்டி குழிக்குள் இறங்கும்போது வாசிப்பவன் முதுகைக் காட்டி மேட்டைத் தாண்டி நடந்துவிட வேண்டும். பாட்டு தேய்ந்து தேய்ந்து அடங்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அந்தப் பிப்ரவரியில் பனிச்சாலையில் ரோந்து வண்டி சறுக்கி, அவனுடைய ஒரே மகன் ஹெக்டர் செத்துப்போனான். அவனும் போலீஸ்தான். பாவி மனுஷன், ரானல்டு அழக்கூட இல்லை. உட்கார்ந்து பேக்பைப்பின் குழல் மூட்டுகளுக்கு மெழுகு நூல் சுற்றிக்கொண்டிருந்தான்.

குழுத் தலைவன் மர்டோ வந்து கெஞ்சினான். "ரானல்டு, இந்த ஒரு தடவை நான் வாசிக்கிறேன்யா. நீ அப்பனா வந்து நில்லு, போதும்."

"நீயா? நீ வாசிச்சா பூனைகூட எந்திரிச்சு ஓடும். என் புள்ளைய அனுப்ப எனக்குத் தெரியும்."

மனைவி எஃபி அடுப்படியிலிருந்து வந்தாள். "எங்கம்மா செத்தப்பவும் வாசிச்சுக்கிட்டே போயிட்ட. நான் தனியா நின்னேன். நாளைக்கு அப்பனும் அம்மாவும் ஆளுக்கொரு பிடி மண்ணு போடணும், ரானல்டு. எம் பக்கத்துல நில்லு."

"அவனும் போலீஸ்காரன், எஃபி. மரியாதையா அனுப்ப வேணாமா?"

"மர்டோ வாசிச்சா மரியாதை இல்லையா? உனக்கு அந்தக் குழியப் பாக்க பயம். ஒத்துக்கோ."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அது உண்மை என்று அவனுக்கே தெரியும்.

மறுநாள் கடற்காற்று முகத்தை அறுத்தது. பெட்டி இறங்கியதும் ரானல்டு பையை அக்குளில் இடுக்கி வாசித்தபடி நடந்தான். விரல்கள் விறைத்தும் ஒரு சுரம் பிசகவில்லை. "ரானல்டு!" என்று எஃபி கூப்பிட்டது குழலோசையையும் மீறிக் கேட்டது. நடந்தான். மேட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. கடற்கரையில் மூச்சு தீர்ந்தபோதுதான் நின்றான். ஐயோ, அப்போதுதான் அந்தப் பிடி மண் நினைவுக்கு வந்தது. வந்த வழியே ஓடினான்.

கூட்டம் கலைந்திருந்தது. குழி மூடியிருந்தது. எஃபி மட்டும் நின்றாள், கையுறை முழுக்க மண்.

"எனக்குக் கொஞ்சம்..." என்று கையை நீட்டினான்.

"உன் பிடி மண்ணையும் நானே போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, எஃபி மர்டோவின் வண்டியை நோக்கி நடந்தாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.